புழுவை டப்பாவில் போட்டுக்கொண்டு ஒத்தக்கடைக்கு

மார்கழி 4

நாலு மணிக்கு எழுந்து பால் கறந்து, மாட்டுக்குத் தட்டை அள்ளிப் போட்டு, வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிக்கும்போது கோயிலில் திருப்பாவை ஆரம்பித்திருந்தது. நல்ல பனி. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்தேன்.

எங்கள் ஊர் டி.கல்லுப்பட்டிக்குப் பக்கம். நாலு ஏக்கர் கரிசக்காடு, எல்லாம் மானாவாரி. இரண்டரை ஏக்கர் மக்காச்சோளம், ஒரு ஏக்கர் பருத்தி, மிச்சத்தில் ஒரு கிணறும் மாட்டுக்குக் கொஞ்சம் தீவனமும். வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். எட்டு வருசமாகக் காட்டைப் பார்ப்பது நான்தான். புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளம் இப்போது கதிர் முற்றுகிற பக்குவத்தில் நிற்கிறது. களை வேலை முடிந்தது. அறுவடை பொங்கலுக்கு அப்புறம்தான். நடுவில் கிடைக்கிற இந்த ஒரு மாசத்தில், எங்கே விவசாயப் பயிற்சி, கூட்டம் என்றாலும் போய்விடுவது என்று இந்த வருசம் முடிவெடுத்திருக்கிறேன். போன வருசம் படைப்புழுவால் பாதி மகசூல் போனது. இந்த வருசமும் புழு வந்தது. இரண்டு தடவை மருந்து அடித்து ஓரளவு காப்பாற்றினேன். மருந்துக் கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு இன்னொரு வருசம் ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை.

பையில் மூன்று சாமான். புழு இருக்கிற கதிர் ஒன்று, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில். அரைக் கிலோ மண். அப்புறம் ஐப்பசியில் போனில் எடுத்து வைத்த படம்: இளம் பயிரில் குருத்து வெளுத்துப்போய் நிற்கிற படம்.

மண் எடுத்ததைச் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் ஒரே இடத்தில் சுரண்டி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். வரப்போரம், மர நிழல், குப்பை கொட்டின இடம் ஆகாது. காட்டில் பத்துப் பதினைந்து இடத்தில், மேலே கிடக்கிற சருகைத் தள்ளிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டணும். அந்தக் குழியின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாக மண்ணைச் சீவி எடுக்கணும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளணும். இப்படியே திரும்பத் திரும்பச் செய்து அரைக் கிலோவுக்குக் கொண்டுவரணும். அரை நாள் வேலை. ஆனால் அந்த அரைக் கிலோதான் நாலு ஏக்கருக்கும் சாட்சி சொல்லப் போகிறது.

கல்லுப்பட்டியில் பஸ் மாறி, திருமங்கலம் வழியாக மாட்டுத்தாவணி. அங்கிருந்து ஒத்தக்கடைக்கு டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ். 2021இல் இந்த இலவசப் பயணம் வந்ததிலிருந்துதான் நான் இப்படி மதுரைக்கு நினைத்தால் வந்து போகிறேன். பஸ் திரும்பினதும் யானைமலை தெரிந்தது. பனிக்குள் படுத்த யானை எழுந்திருக்க மனசில்லாமல் கிடப்பது மாதிரி. அதன் அடியில்தான் வேளாண்மைக் கல்லூரி. 1965இல் ஆரம்பித்தது. கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழகம் 1971இல் வந்தது. பல்கலைக்கழகத்துக்கு மூத்த கல்லூரி இது. வளாகத்துக்குள்ளேயே வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது.

பயிற்சிக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். பெண்கள் என்னோடு நாலு பேர். பூச்சியியல் பேராசிரியை ஒருவர் பேசினார். டப்பாவைத் திறந்து காட்டினேன். ஒரு குச்சியால் புழுவைப் புரட்டி எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். தலையில் தலைகீழ் ‘ஒய்’ மாதிரி வெள்ளைக் கோடு, வால் பக்கம் சதுரம் போட்டது மாதிரி நாலு கரும்புள்ளி. இந்த இரண்டும் இருந்தால் அது படைப்புழுதான். அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016இல் ஆப்பிரிக்காவில் இறங்கி, 2018இல் கர்நாடகாவில் முதலில் தெரிந்து, அதே வருசம் நம் பக்கமும் வந்துவிட்டது. அந்துப்பூச்சி ஒரே ராத்திரியில் நூறு கிலோமீட்டர் பறக்குமாம். பக்கத்துக் காட்டுக்காரர் மருந்து அடிக்காததால் எனக்கு வந்தது என்று நான் இரண்டு வருசமாக மனசில் வைத்திருந்த கோபத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

“எத்தனாவது நாள்லம்மா பாத்தீங்க?” என்று கேட்டார்.

“நாப்பது நாள் இருக்கும் மேடம். குருத்துக்குள்ள மரத்தூள் கொட்டினாப்புல இருந்துச்சு.”

“நாப்பதாம் நாள் நீங்க பாத்தது வளந்த புழு. அது குருத்துக்குள்ள போய் உக்காந்துட்டா மேல அடிக்கிற மருந்து அதுகிட்டப் போகாது. பதினஞ்சு இருபது நாள் பயிர்ல அது முட்டையா இலையில ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும். அப்பப் பாத்தா கையாலயே நசுக்கிடலாம்.”

ஒரு முட்டைக் குவியலில் நூறு முதல் இருநூறு முட்டை. மேலே பூச்சியின் ரோமம் பஞ்சு மாதிரி மூடியிருக்கும். இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். குஞ்சுப் புழு முதலில் இலையின் பச்சையை மட்டும் சுரண்டித் தின்னும். இலை அங்கங்கே வெள்ளைக் காகிதம் மாதிரி தெரியும். அப்புறம் ஓட்டை, அப்புறம் குருத்து. கோடை உழவு போட்டால் மண்ணுக்குள் இருக்கிற கூட்டுப்புழு மேலே வந்து வெயிலிலும் காக்கையிடமும் சாகும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு. வரப்போரம் தட்டைப்பயறோ எள்ளோ சூரியகாந்தியோ. ஆண் அந்துப்பூச்சியை வாசனை காட்டி இழுத்துப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 20. முதலில் வேப்ப மருந்து, அதற்கும் அடங்காவிட்டால்தான் கடை மருந்து, அதுவும் குருத்தைப் பார்த்து. எல்லாம் எழுதிக்கொண்டேன்.

வெளுத்த குருத்துப் படத்தைப் பார்த்ததும் மண்ணியல் பேராசிரியர், “துத்தநாகக் குறைதான். இருந்தாலும் மண்ணு சொல்லட்டும்” என்றார். நான் அதைத் தண்ணீர்க் குறை என்று நினைத்து மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணை வாங்கிச் சீட்டு ஒட்டிக்கொண்டார்கள். மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

திரும்பி வரும்போது திருமங்கலம் தாண்டி ஒரு யோசனை வந்தது. இருபதாம் நாள் என் காட்டில் யார் இருந்தார்கள்? நான் இல்லை. நான் வரப்பில் நின்று கூலிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து களை எடுத்தது எட்டுப் பெண்கள். இலைக்கும் அவர்கள் கண்ணுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருந்திருக்காது.

மார்கழி 5

இன்றைக்கு எங்கும் போகவில்லை. ஆனால் எழுத ஒன்று இருக்கிறது.

காலையில் பருத்தி எடுக்க மூன்று பேர் வந்தார்கள். ஊர் முறைக்குப் பெரியம்மா ஆகிறவர் ஒருவர், அறுபது வயசு தாண்டியவர், பத்து வயசிலிருந்து காட்டு வேலை செய்கிறவர். கல்லூரியில் கொடுத்த படத்தைக் காட்டினேன். இலையின் அடியில் முட்டைக் குவியல் இருக்கிற படம்.

“இதுவா? இது நம்ம காட்டுல எம்புட்டுக் கிடந்துச்சு. பஞ்சாட்டம் வெள்ளையா ஒட்டிக்கிட்டு. சிலந்திக் கூடுன்னுல்ல நெனச்சேன்.”

“ஏன் பெரியம்மா எங்கிட்டச் சொல்லல?”

“இதப் போயி என்னத்தச் சொல்ல? களை எடுக்கத்தான கூப்பிட்ட.”

எனக்குப் பேச்சு வரவில்லை. பக்கத்தில் நின்ற மதனியும் பார்த்திருக்கிறார். ஒரு இலையில் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுவென்று ரோமம் கையோடு வந்ததாம். ஆக, என் காட்டில் புழு வருவதற்கு முன்னாலேயே இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கிறது. அது புழு என்று மட்டும் தெரியாது. அதை அவர்களுக்குச் சொல்ல இத்தனை வருசத்தில் யாருமே வரவில்லை. அதில் நானும் அடக்கம்.

மார்கழி 9

கோவில்பட்டி. பக்கத்துக் காட்டு அண்ணனும் வந்தார். புழு விசயத்தில் நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேனே, அவர்தான். கல்லுப்பட்டியிலிருந்து விருதுநகர், அங்கிருந்து சாத்தூர் வழியாக நாலு வழிச் சாலையில் கோவில்பட்டி. சாத்தூர் தாண்டினால் இரண்டு பக்கமும் கரிசல்தான். உளுந்தும் பாசியும் பூத்தும் காய்த்தும் நின்றன. அண்ணன் பஸ் சன்னலிலிருந்தே ஒவ்வொரு காட்டுக்கும் மார்க் போட்டுக்கொண்டு வந்தார்.

கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901இல் ஆரம்பித்தது. வானம் பார்த்த பூமிக்கு என்று இவ்வளவு காலமாக ஒரு இடம் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. சோளத்தில் கே 12 மாதிரி ‘கே’ என்று பெயர் ஆரம்பிக்கிற ரகங்கள் இங்கே பிறந்தவை. மதுரையைவிட எங்கள் காட்டுக்குச் சொந்தக்காரர்கள் இவர்கள்தான் என்று உள்ளே நுழைந்ததுமே தோன்றியது. மண்ணின் நிறம் ஒன்று, வெடிப்பு ஒன்று.

முழுக்க மானாவாரிப் பேச்சு. எனக்கு உறைத்தது விதைப்பு ஆழம். மழைக்கு முந்திக் காய்ந்த மண்ணில் விதைக்கும்போது 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதை விழணுமாம். மேலோட்டமாக விழுந்தால் ஒரு தூறலுக்கே முளைத்துவிடும். அடுத்த மழை தள்ளிப்போனால் முளை கருகும். ஆழத்தில் கிடக்கிற விதை, மண் நன்றாக நனைகிற மழை வந்தால்தான் எழுந்து வரும். மூன்று வருசத்துக்கு முன்னால் எனக்கு நடந்தது இதுதான். ஒரு தூறலுக்கு அழகாக முளைத்தது, அப்புறம் பன்னிரண்டு நாள் வெயில். இரண்டாவது தடவை விதை வாங்க வீட்டில் இருந்த தோட்டை அடகு வைத்தேன். விதியென்று விட்ட விசயம், டிராக்டர்க் கொழு எவ்வளவு இறங்குகிறது என்று குனிந்து பார்க்காததால் வந்திருக்கிறது.

விதையைக் கடினப்படுத்துவதும் சொல்லிக் கொடுத்தார்கள். சோளத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, விதையை 6 மணி நேரம் ஊறப்போட்டு, நிழலில் பழைய எடைக்கு வரும்வரை காயவைத்து விதைப்பது. ஒருதடவை தண்ணீரைக் குடித்துக் காய்ந்த விதை வறட்சியைத் தாங்கி நிற்கும் என்று விளக்கினார் அந்த இளம் விஞ்ஞானி.

அப்புறம் தண்ணீரைக் காட்டிலேயே நிறுத்துவது. கரிசல் காய்ந்து வெடித்திருக்கும்போது முதல் மழையை மடமடவென்று குடிக்கும். நனைந்து உப்பினதும் வெடிப்பு மூடிக்கொள்ளும். அதற்கு மேல் பெய்கிற மழை அத்தனையும் ஓடைக்குப் போய்விடும், மேல்மண்ணையும் சேர்த்துக்கொண்டு. அதனால் சரிவுக்குக் குறுக்கே உழவு, சின்னச் சின்னப் பாத்தியாக வரப்பு, கீழ்க்கோடியில் பண்ணைக்குட்டை.

அண்ணன் கையைத் தூக்கினார். “எங்கய்யா காலத்துல கோடை மழைக்கு உழுது போடாத காட்டக் காடுன்னே சொல்ல மாட்டாங்க. இப்ப டிராக்டர்க்காரரு எந்தப் பக்கம் திருப்ப வசதியோ அந்தப் பக்கம்தான் உழுகுறாரு. சரிவாவது குறுக்காவது. இதுக்கு என்ன செய்ய?”

விஞ்ஞானி உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “உழவுக்கு முன்னாடி நாலு மூலைக்கும் ஒரு குச்சி நட்டு, கயிறு கட்டிக் காட்டுங்க. கூட அரை மணி நேரக் கூலி கேப்பாரு, குடுத்துருங்க” என்றார். எங்கள் சங்கடம் புரிந்து சொன்ன பதில். அண்ணன் வெளியே வந்ததும், “கயிறு கட்டுறதுதான் தாயி சரி” என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு பாக்கெட் கடலை மிட்டாய் வாங்கினார். நானும் வாங்கினேன்.

மார்கழி 12

இன்றைக்குப் போன கூட்டத்தின் ஊரையும் நடத்தினவர்களையும் சொல்லப் போவதில்லை. கல்யாண மண்டபத்தில் நடந்தது. பத்து மணி என்றார்கள். சிறப்பு விருந்தினர் வரும்போது பன்னிரண்டரை. பொன்னாடைகள், புகைப்படங்கள். மருந்து தெளிக்கிற டிரோனை மண்டபத்து வாசலில் ஐந்து நிமிசம் பறக்கவிட்டார்கள். அதற்குள் சாப்பாட்டு வரிசை நகர ஆரம்பித்துவிட்டது.

எனக்கு வருத்தம் அதில்லை. பதிவு செய்கிற மேசையில், “களை எடுக்கிற பொம்பளையாளுகளையும் அடுத்த தடவை கூட்டிட்டு வரலாமா?” என்று கேட்டேன். “பட்டா யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தாம்மா பயிற்சி” என்றார் மேசையில் இருந்தவர். அப்படிப் பார்த்தால் எனக்கே இடமில்லை. பட்டா இன்னும் மாமனார் பேரில்தான் இருக்கிறது, மாமனார் படுத்த படுக்கையாக இருக்கிறார். உழுவது, விதைப்பது, கடன் வாங்குவது, கட்டுவது எல்லாம் நான். ஒரு காட்டில் கை வைத்து வேலை செய்கிற ஆளைக் காகிதத்தில் பெயர் இல்லை என்பதற்காக வெளியே நிறுத்தினால், அந்தப் பயிற்சி எந்தக் கைக்குப் போய்ச் சேரும்? கேட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவசரப்பட்டதால் நகர்ந்துவிட்டேன்.

சாப்பிடாமல் வந்துவிட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நேரமாகிவிட்டது.

மார்கழி 16

பெரியகுளம் போய் வர ஒரு முழு நாள். கல்லுப்பட்டியிலிருந்து எழுமலை வழியாக உசிலம்பட்டி, அப்புறம் ஆண்டிபட்டி, தேனி, பெரியகுளம். நாலு பஸ். ஆனால் இந்தப் பாதைக்காக இன்னொரு தடவைகூடப் போகலாம்.

உசிலம்பட்டியில் ஏறி உட்கார்ந்தபோது பக்கத்தில் மல்லிகைத் தோட்டக்காரர் அம்மா ஒருவர். பை காலியாக இருந்தது. “மார்கழியில செடியில மொட்டு ஏது? பனி கருக்கிரும். கிலோ ஆயிரக் கணக்குல போகுதுன்னு எல்லாரும் பேசுறாக, பூவு இருந்தாத்தான போக?” என்றார். கார்த்திகையில் கவாத்து செய்துவிட்டாராம். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு விட்டு மேலே எல்லாம் வெட்டி, மண்ணைக் கொத்திவிட்டு, தொழுவுரம் வைத்துக் காத்திருக்கிறார். பங்குனியில் இருந்துதான் பூ. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் அவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டேன். “பேரு கெடச்சுச்சு” என்றார் சந்தோசமாகவே. அவர் கைவிரல் நுனி எல்லாம் கறுத்துத் தடித்திருந்தது. விடியுமுன் மொட்டுப் பறித்துப் பறித்து வந்தது.

உசிலம்பட்டி தாண்டினால் 58 கிராமக் கால்வாயின் தொட்டிப் பாலம் தெரிகிறது. தூண் தூணாக நிறுத்தி, வைகைத் தண்ணீரை மேலே தூக்கிக்கொண்டு போவதற்குக் கட்டியது. அணையில் 71 அடிவரை தண்ணீர் தேக்கலாம். 67 அடியைத் தொட்டால்தான் இந்தக் கால்வாய்க்கு வழி. அந்தப் பக்கத்து மக்கள் எத்தனை வருசம் போராடி வாங்கின கால்வாய். மார்கழி வெயிலில் அது நிற்பதைப் பார்த்துக்கொண்டே போனேன். எங்கள் பக்கம் அதுவும் இல்லை. கணவாயில் ஏறி இறங்கும்போது மலை பக்கத்தில் வந்துவிட்டது. கீழே போடி ரயில் பாதை. 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் திரும்ப ரயில் விட்டிருக்கிறார்கள். அடுத்த தடவை மதுரையிலிருந்து அதில் வரணும்.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் முருங்கை பற்றிப் பேசினார்கள். 1989இல் இங்கிருந்து வந்த பி.கே.எம் 1 செடி முருங்கை இன்றைக்கு எல்லா ஊரிலும் இருக்கிறது. அதற்கு முன்னால் முருங்கை என்றால் போத்து வெட்டி நட்டு வருசக் கணக்கில் வளர்ப்பதுதான். விதை போட்டு ஆறாம் மாசம் காய் பறிக்கலாம் என்று ஆனது இந்த ரகத்தால். இரண்டரை மீட்டருக்கு ஒன்று வைத்தால் ஏக்கருக்கு 640 செடி. முக்கால் மீட்டர் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடணும், அப்போதுதான் பக்கக் கிளை வரும், காய் கைக்கு எட்டும். ஒரு வருசம் காய்த்ததும் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் மறுபடி துளிர்த்து இன்னும் இரண்டு வருசம் காய்க்கும்.

ஒரு ஏக்கர் போட்டுவிடலாம் என்ற ஆசையோடுதான் போனேன். “உங்க மண்ணுல மழை பேஞ்சா தண்ணி எத்தனை நாள் நிக்கும்?” என்று கேட்டார் பேராசிரியர். இரண்டு மூன்று நாள் என்றேன். “அப்ப ஒரு ஏக்கர் வேண்டாம். வேரு அழுகிரும். மேட்டுப் பக்கமாப் பாத்து இருபது செடி வைங்க. ஒரு வருசம் அதைப் பாருங்க, அப்புறம் வாங்க.”

தன் ஆராய்ச்சி நிலையத்தின் பெருமையான ரகத்தை எனக்கு வேண்டாம் என்று சொன்ன அந்த மனுசர் மேல் பெரிய மரியாதை வந்தது. விதை விற்பதற்கு அவர் நிற்கவில்லை, என் காட்டை நினைத்துப் பேசினார். கிணற்றடி மேட்டுக்கு இருபது செடி. அது போதும்.

வீடு வந்து சேர ராத்திரி ஒன்பதரை. கன்றுக்குட்டி கத்திக்கொண்டிருந்தது.

மார்கழி 20

ஜனவரி 4. கல்லுப்பட்டிக்கு மருந்து வாங்கப் போனவள் காந்தி நிகேதன் ஆசிரமத்துக்குள் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். ஜே.சி. குமரப்பா பிறந்த நாள். 1892இல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனிலும் அமெரிக்காவிலும் படித்து, கணக்காளராக இருந்து, காந்தியிடம் வந்து சேர்ந்தவர். கிராமக் கைத்தொழில்களுக்காகக் காந்தி 1934இல் தொடங்கிய சங்கத்தை நடத்தினவர். கடைசிக் காலத்தை எங்கள் கல்லுப்பட்டியில் கழித்தார். 1960இல் அவர் இறந்ததும் ஜனவரி 30, காந்தி இறந்த அதே தேதி. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இதை யாரும் சொல்லித் தரவில்லை, பஸ் நிற்கிற தூரத்தில் இருந்தும்.

கிராமத்தில் விளைவது முதலில் கிராமத்து வயிற்றுக்குப் போகணும் என்று வாதாடினவர் அவர். அங்கே உட்கார்ந்திருந்தபோது என் காட்டைத்தான் நினைத்தேன். இரண்டரை ஏக்கர் மக்காச்சோளத்தில் ஒரு மணிகூட என் வீட்டு அடுப்புக்குப் போகாது. எல்லாம் கோழித் தீவனம். என் மாமியார் குதிரைவாலிச் சோறு ஆக்கித்தான் பிள்ளைகளை வளர்த்தார். கோழி தின்கிறதை விளைவிப்பதில் தப்பு இல்லை, அதில் வந்த காசில்தான் பெரியவளுக்கு நர்சிங் கட்டணம் கட்டினேன். ஆனால் நாலு ஏக்கரில் அரை ஏக்கராவது நாங்கள் தின்பதற்கு என்று இருக்கணும். ஒத்தக்கடைக் கல்லூரியே எம்.டி.யு 1 என்று ஒரு குதிரைவாலி ரகம் வெளியிட்டிருக்கிறது. வரும் ஆடிக்குள் விதைக்குச் சொல்லி வைக்கணும். வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். “குத்திப் புடைக்க ஆளு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. உமி நீக்குகிற மெசின் எங்கே இருக்கிறது என்று விசாரிக்கணும்.

மார்கழி 25

மண் முடிவு வந்துவிட்டது என்று ஒத்தக்கடையிலிருந்து போன். அதோடு, களை எடுக்கிற பெண்களைக் கூட்டி வரலாமா என்று நான் முன்னாலேயே கேட்டு வைத்ததற்கும் பதில் சொன்னார் பூச்சியியல் மேடம். “கூட்டிட்டு வாங்கம்மா. பட்டா எல்லாம் வேண்டாம், பேரை மட்டும் எழுதிக்கிறோம். திடல்ல இருவது நாள் பயிர் நிக்குது, நேர்லயே காட்டுறேன்.”

பெரியம்மா, மதனி, இன்னும் மூன்று பேர். ஒரு நாள் வேலையை விட்டு வருகிறவர்களுக்குக் கூலி கொடுக்காமல் கூப்பிடுவது நியாயமில்லை. ஆளுக்கு 300 ரூபாய், பாதி நான், பாதி பக்கத்துக் காட்டு அண்ணன். அவர் காட்டிலும் இவர்கள்தானே களை எடுக்கிறார்கள். பெரியம்மா பொங்கலுக்கு வைத்திருந்த புதுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மாட்டுத்தாவணிக்கு அந்தப் பக்கம் அவர் வந்ததே இல்லையாம். யானைமலையைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

முதலில் மண். கார அமிலத் தன்மை 8.3. தழைச்சத்து குறைவு, சாம்பல் சத்து தாராளம், துத்தநாகம் பற்றாக்குறை. இத்தனை வருசம் தாராளமாக இருக்கிற சத்துக்கே காசு கொடுத்து மூட்டை வாங்கிக் கொட்டியிருக்கிறேன். வரும் பருவத்தில் பொட்டாஷைக் குறைத்து, ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டைத் தொழுவுரத்தோடு கலந்து போடச் சொன்னார்கள்.

அப்புறம் திடலுக்குப் போனோம். பாசனம் வைத்து வளர்த்த பயிர், முழங்கால் உயரம் இருக்கும். மேடம் பேச ஆரம்பிப்பதற்குள் பெரியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாலுக்குள் இறங்கிவிட்டார். களை எடுக்கிற மாதிரியே குனிந்து, இடது கையால் இலையை ஒதுக்கிக்கொண்டு போனார். நாலாவது செடியோ ஐந்தாவது செடியோ, நின்றுவிட்டார்.

“இந்தா இருக்குல்ல.”

இலையின் அடியில் வெள்ளையாகப் பஞ்சுத் திட்டு. மேடம் கிட்டப் போய் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, “நாங்க காலையில இந்த வரிசையப் பாத்துட்டுத்தான் போனோம்” என்றார். மாணவிகள் எல்லோரும் பெரியம்மாவைச் சுற்றி நின்றார்கள். எப்படிப் பார்க்கிறீர்கள் என்று ஒரு பிள்ளை கேட்டது. “பாக்க என்ன இருக்கு கண்ணு? செடியில எது வித்தியாசமா இருந்தாலும் கண்ணுல படும்” என்றார். அந்தப் பிள்ளை அதை நோட்டில் எழுதிக்கொண்டது.

நசுக்குவது எப்படி, எத்தனை செடிக்கு எத்தனை குவியல் பார்த்தால் என்னிடம் சொல்லணும், சுரண்டின இலை எப்படி இருக்கும், புழுவின் முட்டையை அழிக்கிற குட்டிக் குளவி இருக்கிற ஒட்டுண்ணி அட்டையை எங்கே கட்டணும், எல்லாம் செடியின் பக்கத்தில் நின்றே சொன்னார் மேடம். மதனிதான் நிறையக் கேள்வி கேட்டார். மருந்து அடித்த காட்டில் எத்தனை நாள் கழித்துக் களைக்கு இறங்கலாம் என்று அவர் கேட்டது, இத்தனை கூட்டத்திலும் நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி. டப்பாவின் மேலே ஒட்டியிருக்கிற சீட்டைப் படித்துப் பார்த்து, அதில் போட்டிருக்கிற நாள் கணக்குப்படி இறங்கச் சொன்னார்கள். இனிமேல் அந்தச் சீட்டைப் படித்துச் சொல்வது என் வேலை. அது முடியாமல் யாரையும் காட்டுக்குள் விடப்போவதில்லை.

கிளம்பும்போது ஒரு மாணவி சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஸ்பிரிட் ஊற்றி, அந்த முட்டைத் திட்டு இருந்த இலைத் துண்டைப் போட்டு மூடிக் கொடுத்தாள். பெரியம்மா அதை வாங்கிச் சுருக்குப் பைக்குள் வெற்றிலையோடு வைத்துக்கொண்டார். திருமங்கலம் வரைக்கும் நன்றாகத் தூங்கினார். கல்லுப்பட்டியில் இறங்கி ஊர் பஸ்ஸுக்கு நிற்கும்போது, எங்களோடு வழக்கமாகக் களைக்கு வருகிற பக்கத்து ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் அங்கே நின்றார்கள். பெரியம்மா சுருக்குப் பையை அவிழ்த்துக் குப்பியை எடுத்து, பஸ் ஸ்டாண்டு விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

“ஏ, இதப் பாருங்கடி. சிலந்திக் கூடு இல்ல இது.”